யார் வீட்டுக் காசு விழுந்தது?

வியாபாரிகள் சங்க மலருக்கு எழுதித் தரச்சொல்லி நம் கடைத்தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். முப்பது வருஷம் வத்தல் கமிஷன் கடையில் இருந்து கொழும்புக்குச் சரக்குப் பிடித்துக் கொடுத்த ஆள், புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு உபயோகமாக நாலு விஷயம் சொல்லுவார் என்று நினைத்திருக்கிறார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். அவர்கள் படி இறங்கியதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. உபயோகமானது எது என்று யோசித்தால், நான் சரியாகச் செய்த எதுவும் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. ஒரு அம்மாளின் முகம்தான் வந்து வந்து நிற்கிறது. அதையே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரிதான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கணக்கு வரும், கையெழுத்து நன்றாக இருக்கும். மற்றபடி பயந்தாங்கொள்ளி. கடையைப் பூட்டினால் மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பேன். தராசில் கல் போட்டபிறகு கல்லை எடுத்து எழுத்தைப் படிப்பேன். 'இவனை வேலைக்கு வெச்சா நாய் வளக்க வேண்டாம்' என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கவலைப்படுகிறவன் தப்புச் செய்ய மாட்டான் என்று அவருக்கு நினைப்பு. எனக்கும் அந்த நினைப்புத்தான் இருந்தது.

அப்போதைய வியாபாரம் உங்களுக்குப் புரிய ஒன்று சொல்லவேண்டும். திருச்சுழிப் பக்கமும் நரிக்குடிப் பக்கமும் விளைகிற மிளகாய் வத்தலை, பயிர் வைக்கிற சம்சாரிகள் மூட்டை கட்டி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்து எங்கள் கிட்டங்கியில் போட்டு வைப்பார்கள். விலை பிடித்திருக்கிற அன்றைக்கு 'போடு' என்பார்கள். விற்றுக் கொடுப்போம், கமிஷன் எடுத்துக்கொள்வோம். அதில் நல்ல சரக்கெல்லாம் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டிக் கொழும்புக்குப் போகும். மானாவாரிக் காட்டில் காயப்போட்ட வத்தலுக்கு விலை வைத்தது கொழும்பில் குழம்பு வைக்கிறவர்கள். அது அந்தச் சம்சாரிகளுக்குத் தெரியாது. எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். தெரிந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அறுபத்தாறாம் வருஷம் வைகாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. எதிர்த்த டீக்கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டது.

"நூறு ரூவா இனிமே அறுவத்து மூணு ரூவாதானாம்லே!"

"அப்ப என் மாமனாரு போட்ட நூறு ரூவா என்னாச்சு?"

"ஒன் மாமனாரு எங்கலே நூறு போட்டாரு? அறுவதுதான போட்டாரு. அது முப்பத்தெட்டா ஆயிருச்சு, டீயைக் குடி."

எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயைக் கீழே வைத்தேன். மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். நேற்று வரை கொழும்புக்காரன் ரூபாயும் நம் ரூபாயும் சரிக்குச் சரி. இன்றைக்கு நம் நூறு அவனுக்கு அறுபத்து மூன்று. அப்படியானால் நூறு ரூபாய் வத்தலுக்கு இனி அவன் அறுபத்து மூன்றுதான் கொடுப்பான். விலை விழப்போகிறது. கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள். ஒரு இடத்தில்கூடக் கூட்டல் கழித்தல் தப்பில்லை. திசை மட்டும் தலைகீழ்.

முதலாளி குடும்பத்தோடு திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போயிருந்தார். கடையில் நான்தான் எல்லாம். சரக்குப் போட்டு வைத்திருந்த சம்சாரிகள் நாலு பேர் அன்று காலையிலேயே வந்துவிட்டார்கள். என்னப்பா செய்ய என்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முதலாளி வரட்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். பயம் பிடித்தவனுக்குச் சும்மா இருக்க முடியாது, ஏதாவது செய்துவிட்டால் பயம் போய்விடும் என்று தோன்றும். "இன்னைக்கே போட்ருங்க, நாளைக்கு இந்த வெல கெடைக்காது" என்றேன். பாலவனத்தத்திலிருந்து வருகிற ஒரு தரகர் அங்கேயே இருந்தார். மறுபேச்சுப் பேசாமல் காலை விலைக்கே நாலு பேர் சரக்கையும் பிடித்துக்கொண்டார். அவர் பேரம் பேசாததே எனக்கு ஒரு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். நான் நிம்மதியாக ஒரு வெற்றிலை போட்டேன்.

மத்தியானம் தூத்துக்குடியிலிருந்து ராவுத்தர் காரில் வந்து இறங்கினார். அவர்தான் எங்களிடம் வாங்கிக் கொழும்புக்கு ஏற்றுகிறவர். கடைக்குள் உள்ளறைக்கு என்னைக் கூட்டிப்போனார்.

"தம்பி, முதலாளி எங்க?"

"திருச்செந்தூருக்குப் போயிருக்காக."

"நல்ல நாளாப் பாத்துப் போனாரு. கிட்டங்கில எம்புட்டு வத்தல் கெடந்தாலும் பிடிச்சுப் போடு. காலை வெலைக்கு மேல மூட்டைக்குப் பதினஞ்சு ரூவா வரைக்கும் ஏத்திக் குடு, நான் பொறுப்பு."

"ஏத்தியா? ரூவா விழுந்துருச்சுன்னாகளே!"

"விழுந்தது நம்ம ரூவாப்பா. அவன் ரூவா நின்ன எடத்துலதான் நிக்கிது. நேத்துவரைக்கும் அவன் நூறு அனுப்புனா பேங்குல நமக்கு நூறு குடுத்தாக. இன்னைக்கு அதே நூறுக்கு நூத்தம்பத்தேழு. அதுல சம்சாரிக்குக் கொஞ்சம் குடுத்தாத்தான நாளைக்கும் நமக்குக் கொண்டாருவாக?"

"எதுக்கு அரசாங்கம் இப்படிச் செய்யுது?"

"நாடு கப்பல் கப்பலாக் கோதும வாங்குது, மிசினு வாங்குது. குடுக்குறதுக்கு வெளிநாட்டுக் காசு இல்ல. வாங்குறது மல மாதிரி, விக்கிறது மடு மாதிரி. நம்ம சரக்கு வெளியாளு கண்ணுக்கு மலிவாத் தெரிஞ்சா நாலு மூட்டை கூட வாங்குவான், அந்தக் காசு வரட்டும்னுதான். சரி, நான் விருதுநகரு வரைக்கும் போயிட்டு வாரேன்."

அவர் போய்விட்டார். நான் உள்ளறை வாசலுக்கு வந்து பார்த்தேன். நாலு சம்சாரிகளும் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று கடை முன்னால் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சரக்கு தரகர் வண்டியில் ஏறிவிட்டது. அது போனது போனதுதான். ஆனால் இன்னும் ஒருவர் சரக்கு கிட்டங்கியில் இருந்தது, பதினோரு மூட்டை. அந்த நேரம் பார்த்து அவர் படியேறி வந்தார்.

பஞ்சவர்ணம் அக்கா. நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர், காட்டு வேலை அவருடையது, கடை வேலை, பேச்சு, விலை எல்லாம் இந்த அம்மாளுடையது. வெயிலில் வந்த முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏப்பா கணக்குப்பிள்ள, ரூவாயை என்னமோ வெட்டிப்புட்டானாமே? பஸ்ஸுல ஒரே பேச்சாக் கெடக்கு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் முந்திக்கொண்டார். "வெட்டிட்டாக மதினி. நாங்க நாலு பேரும் காலைலயே போட்டுட்டோம். கணக்குப்பிள்ளைதான் நல்ல நேரத்துல சொன்னாக."

"அப்ப நானும் போட்ரவா? கெணத்துப் பாறைய ஒடைக்க வெடிக்காரங்க நிக்கிறாங்கப்பா. ரெண்டு ஆளு ஆழம் எறங்குனா ஊத்து கண்டிப்பா இருக்குங்காங்க. இந்தப் பதினோரு மூட்டைதான் கணக்கு. எவ்வளவு தூரம் காசு போகுதோ அவ்வளவு தூரம் வெடி."

எல்லாம் எனக்குத் தெரியும். பதினைந்து ரூபாய் கூடக் கொடுக்க ராவுத்தர் சொல்லிவிட்டுப் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 'பொறுங்கக்கா' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் நாலு பேரும் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, 'அப்ப எங்களை ஏன்யா போடச் சொன்ன?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி என் காதில் விழுந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது எனக்கு உலகம்.

"உங்க இஷ்டம்க்கா" என்றேன்.

தம்பிகளே, நம் தொழிலில் இதைவிட மரியாதையான வார்த்தை கிடையாது. இதைவிடக் கேவலமானதும் கிடையாது. தெரிந்தவன் தெரியாதவனிடம் இதைச் சொன்னால், கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறான் என்று அர்த்தம்.

"சரி, எல்லாரும் போட்டாச்சு, நான் மட்டும் என்ன கண்டேன். போட்ரு" என்றார். காலை விலையை எழுதினேன். வாங்கினது எங்கள் கடைதான், ராவுத்தருக்காக. எழுதும்போது அந்த அம்மாள் குனிந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா மொகம் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிடலையா நீ?"

மறுநாள் முதலாளி மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்தார். ராவுத்தர் கொடுத்த விலையையும் நான் பிடித்த விலையையும் பார்த்தார். "ஏலே, உன்னை என்னமோன்னு நெனச்சேன். பொழச்சுக்குவ" என்றார். தீபாவளிக்குத் தருகிற வேட்டியை அந்த வைகாசியிலேயே கொடுத்தார். நானாகவே விலையை அமுக்கினேன் என்று அவருக்கு நினைப்பு. நான் திருத்தவில்லை. அந்த வேட்டியை உடுத்தவும் முடியாமல், உடுத்தாமல் இருந்தால் ஏன் என்று கேட்பாரோ என்ற பயமும் பிடித்து, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் உடுத்தினேன்.

விலை ஏறினது ஒரு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. பஞ்சவர்ணம் அக்கா அடுத்த தடவை வந்தபோது அரசாங்கத்தைத் திட்டினார். "கவர்மெண்டுக்காரன் காலைல ஒண்ணு சொல்றான், சாய்ங்காலம் ஒண்ணு சொல்றான். நம்மள மாதிரி ஆளுகளக் கெடுக்குறதுக்குன்னே இருக்கான்" என்றார். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். கிணறு என்னாச்சு என்று கேட்க வாய் வரவில்லை.

அடுத்த வருஷம் கார்த்திகையில்தான் அந்தக் கிணற்றைப் பார்த்தேன். நடந்தது இது. ஒருநாள் பேப்பரில் இலங்கை ரூபாயின் மதிப்பைக் குறைத்திருப்பதாகப் போட்டிருந்தது. மதிப்புக் குறைப்பு என்றால் வத்தல் விலை ஏறும். போன தடவை பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். இந்தத் தடவை அந்த அம்மாளுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும், செய்ததற்குப் பரிகாரம் செய்துவிட வேண்டும் என்று முதலாளியிடம் வயிற்றுவலி சொல்லிவிட்டு நரிக்குடி பஸ் ஏறினேன். ராவுத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், 'போன வருஷம் எடுத்துச் சொன்னேனே, அதுக்குள்ள மறந்துட்டியா' என்பாரோ, பேச்சோடு பேச்சாகப் போன வருஷத்து விலையும் வெளியே வருமோ என்று பயம். வெட்கப்படுகிறவன் கேட்க மாட்டான். கேட்காதவன் மறுபடியும் வெட்கப்படுகிற மாதிரித்தான் ஏதாவது செய்வான்.

பஞ்சவர்ணம் அக்கா கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அடியில் பாறை. பாறையில் வரிசையாக உளியால் அடித்த துளைகள். வெடிமருந்து வைப்பதற்காகப் போட்டு, மருந்து வைக்காமலே விட்ட துளைகள்.

"ஒம்பது குழி அடிச்சு முடிச்சாங்கப்பா, அன்னைக்குக் காசு முடிஞ்சுபோச்சு" என்றார். "பரவால்ல. மூட்டை எட்டு கெடக்கு. அடுத்த வாரம் வெடிக்காரங்க பக்கத்து ஊருக்கு வாராங்க. போட்டுட்டு இந்தக் குழிய வெடிச்சுப்புடணும்."

"இப்பப் போட்ராதீங்கக்கா. ரெண்டு மாசம் பொறுங்க. வெல ஏறப்போகுது. நிச்சயமாச் சொல்றேன்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

அவர் வீட்டுக்காரர் அதுவரை பேசாமல் நின்றவர், "அம்புட்டுத் தூரம் பஸ்ஸேறி வந்து சொல்றாகள்ல" என்றார். அவர் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். எனக்கு மோர் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றரை வருஷமாக இல்லாத ஒரு சந்தோஷம் எனக்கு.

விலை ஏறவில்லை. இறங்கியது. வாரம் வாரம் இறங்கியது. ராவுத்தர் வந்தபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஏன் என்று கேட்டேன்.

"தம்பி, இந்தத் தடவை விழுந்தது அவன் காசுப்பா. அவனுக்கும் நம்மளப் போலவே வெளிநாட்டுக் காசுத் தட்டுப்பாடு. போன மாசம்வரைக்கும் அவன் நூறு நமக்கு நூத்தம்பத்தேழு. இப்ப நூத்தி இருவத்தாறு. அவன் அதே வெலையக் குடுத்தாலும் நம்ம கைக்குக் கொறச்சலாத்தான் வரும். காசு விழுந்துச்சுன்னு கேட்டா, மொதல்ல யாரு வீட்டுக் காசுன்னு கேக்கணும். அதக் கேக்காமத் துள்ளுனா பள்ளத்துலதான் விழுகணும்."

நீங்கள் இன்றைக்குக் கையிலிருக்கிற போனில் நிமிஷத்துக்கு நிமிஷம் டாலர் பார்க்கிறீர்கள். எண் தெரிகிறது. ஆனால் எண் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எதிரில் இருக்கிறவரிடம் பேச ஆரம்பிக்காதீர்கள். விழுந்தது யார் காசு, எழுந்தது யார் காசு, நம் எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் விற்கிறவரா வாங்குகிறவரா, இந்த மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு வாயைத் திறங்கள். எனக்கு இது தெரிவதற்கு ஒரு கிணறு செலவானது, அதுவும் என் கிணறு இல்லை.

மாசி மாதம் புது வத்தல் வந்துவிட்டது. பழைய வத்தல் நிறம் வெளுத்துப்போனால் கொழும்புக்காரன் தொடமாட்டான். பஞ்சவர்ணம் அக்கா எட்டு மூட்டையையும் உள்ளூர் விலைக்கும் கீழே போட்டார். வெடிக்காரர்கள் எப்போதோ கமுதிப் பக்கம் போய்விட்டார்கள். கடையில் கூட்டம் கரைகிறவரை இருந்துவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீ வேணும்னு செஞ்சியா, தெரியாமச் செஞ்சியா? அதமட்டும் சொல்லு."

அன்று என்னால் தாங்க முடியவில்லை. இது தெரியாமல் செய்தது என்றேன். போன வருஷத்தையும் சொன்னேன். ராவுத்தர் சொன்ன விலை, நாலு பேர் சோறு தின்றது, என் பயம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன், உள்ளே முதலாளிக்குக் கேட்காமல். அவர் அதையும் கவனித்தார்.

"அன்னைக்கு நாலு பேருக்குப் பயந்து வாய மூடிக்கிட்ட. அப்புறம் தனியா வந்து காதுல ஓதுன. இப்பயும் காதுலதான் ஓதுற" என்றார். "ஒரு தடவையாவது சத்தமாப் பேசுப்பா. நெசம்னா சத்தமாச் சொல்லலாம்ல?"

அதற்குப் பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை. திருச்சுழியில் யாரிடமோ போடுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

நாலைந்து வருஷம் போயிற்று. எழுபதுகளின் தொடக்கம். ஒரு சனிக்கிழமை ராவுத்தர் வந்து முதலாளியையும் என்னையும் வைத்துக்கொண்டே சொன்னார். கொழும்பில் அரசாங்கம் அந்நியச் செலாவணி இல்லாமல் தவிக்கிறது, வெளி வத்தலை நிறுத்திவிட்டு உள்ளூரிலேயே விளைவிக்கச் சொல்லப்போகிறார்கள், அங்கிருக்கிற கூட்டாளி எழுதியிருக்கிறார், இன்னும் நாலைந்து நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். "நான் ஒளிக்கல. சம்சாரிகளுக்குச் சொல்லுங்க. கையில இருக்குறத இந்த ரெண்டு நாள்ல போட்டாத்தான் உண்டு. தூத்துக்குடில தோணி நிக்கிது, நானும் முடிஞ்ச மட்டும் எடுத்துக்கிறேன்" என்றார். அவர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு. இந்த விலைக்கு வாங்கினால் தனக்கு நஷ்டம் என்று தெரிந்தேதான் சொன்னார்.

அவர் போனதும் முதலாளி என்னைப் பார்த்தார்.

"நம்ம சொந்தச் சரக்கு நாப்பது மூட்டை கெடக்கு. அது மொதல்ல தோணி ஏறட்டும். அதுவரைக்கும் ஒருத்தரு காதுலயும் விழக்கூடாது. என்னலே, கேக்குதா?"

கேட்கிறது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நரிக்குடி பஸ் ஏறினேன். அந்தக் கிணற்றுத் துளைகளில் மண் நிறைந்து புல் முளைத்திருந்தது. பஞ்சவர்ணம் அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை ராவுத்தரிடம் கேட்டு, எழுதிப் பார்த்து, எல்லாம் சரிபார்த்து வந்திருக்கிறேன் என்றேன்.

"பதினாலு மூட்டை இருக்கு" என்றார். "இந்த வருசமாவது வெடிச்சுப்புடணும்னு சேத்து வெச்சிருக்கேன்." என்னைப் பார்த்துக் கேட்டார். "மத்த ஆளுகளுக்குச் சொல்லிட்டியா?"

"இல்லக்கா. ஒங்களுக்குத்தான் மொதல்ல."

"எனக்கு எதுக்குப்பா மொதல்ல? நாளைக்கு வண்டியக் கட்டிக்கிட்டு ஒங்க கடைக்கு வாரேன். வாசல்ல நின்னு எல்லாருக்கும் கேக்கச் சொல்லு. சொன்னியின்னா நெசம்னு நம்பி அங்கனயே போட்டுட்டுப் போறேன். சொல்லலையின்னா, இதுவும் ஒன் மொதலாளிக்குச் சரக்குப் பிடிக்கிற வேலைதான்னு வண்டியத் திருப்பிருவேன். ரெண்டு தடவை ஒன் பேச்சக் கேட்டவ நான். மூணாந்தடவை இப்படித்தான் கேப்பேன்."

சொல்கிறேன் என்றேன். நிஜமாகவே சொல்வேன் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது என்ன வார்த்தை, எங்கே நின்று, யாரைப் பார்த்து என்றெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர்கள் வண்டி வந்து எதிர்சாரியில் நின்றது. வீட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போனார். அக்கா வண்டி மேலேயே, மூட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டார். முதலாளி கடைக்குள் திண்டு மெத்தையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய நாற்பது மூட்டைக்கும் லாரி வரவில்லை.

லாரி வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு லாரி வந்தது. ஏற்றி முடிக்கட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. முதலாளி சாப்பிடப் போகட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர் சாப்பாட்டைக் கடைக்கே வரச் சொல்லிவிட்டார். இரண்டு தடவை எழுந்து வாசல் வரைக்கும் போனேன். வாசலில் ஆறேழு சம்சாரிகள் இருந்தார்கள். ஒரு தடவை தொண்டையைக்கூடச் செருமினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துப்பிவிட்டு உள்ளே வந்தேன்.

மூன்று மணி வாக்கில் ஒரு சம்சாரி படியில் நின்று சத்தமாகவே கேட்டார். "என்ன கணக்குப்பிள்ள, கொழும்பு வெல எப்படி? போடலாமா, வெச்சிருக்கலாமா?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கடவுளே வந்தாலும் அமைத்துத் தரமாட்டார். முதலாளி பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார். எதிர்சாரியில் வண்டி மேலிருந்து அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியேதான் இருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை செய்தி எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. வத்தல் கேட்பாரில்லாமல் கிடந்தது. அந்த ஆறேழு பேரும் கெட்டார்கள். ராவுத்தர் பிறகு ஒருநாள், "எல்லாருக்கும் சொன்னியா தம்பி?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். அவர் நம்பினார். அவர் காலமாகும்வரை நம்பினார். பஞ்சவர்ணம் அக்காவின் பதினாலு மூட்டை என்ன ஆனது, அந்தக் கிணற்றில் வெடி வைத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. நரிக்குடிப் பக்கம் நான் அப்புறம் போகவில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு என்னைவிடப் படிப்பு உண்டு. நாடு ஏன் கடன்படுகிறது, காசு ஏன் விழுகிறது என்றெல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லித் தருவீர்கள். அதில் தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம். அந்த அம்மாளுக்கு நான் செய்த மூன்று தப்புகளில் ஒன்றுதான் தெரியாமையால் வந்தது. மற்ற இரண்டும் நன்றாகத் தெரிந்திருந்தபோது வந்தவை. பயம் உள்ளவர்கள் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வாருங்கள். ஆனால் தெரிந்த விலையை முதல் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுங்கள். ஆறாவது நிமிஷத்திலிருந்து அதைச் சொல்லாமல் இருப்பதற்கு நூறு காரணம் கிடைக்க ஆரம்பிக்கும், ஒவ்வொன்றும் நியாயமாகவே இருக்கும்.

அன்றைக்கு நான் 'அப்படியேதான் இருக்கு' என்று சொன்னதும் அந்த அம்மாள் வண்டியை விட்டு இறங்கினார். தெருவைத் தாண்டி என்னிடம் வந்து நாலு வார்த்தை வைவார் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் வரவில்லை. வீட்டுக்காரர் மாட்டைப் பூட்டினார். அக்கா மாட்டின் முதுகில் தட்டி அதனிடம்தான் பேசினார்.

"வா, போவோம். இங்க ஒண்ணுமில்ல."